பாஸ்புக் யார் பேரில்?

தென்காசி வட்டாரத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் படிப்பு, நிறம், நகை எல்லாம் விசாரித்து முடித்தபின் கடைசியாக ஒன்று கேட்பார்கள்: "பொண்ணு எத்தனை சுத்தும்?" பீடியைத்தான். எண்ணூறு என்றால் சரி என்று தலையாட்டுவார்கள். ஆயிரம் என்றால் மாப்பிள்ளையின் அம்மா முகம் மலரும். அதற்கும் மேலே ஒரு கேள்வி உண்டு. "சொந்தப் பாஸ்புக்கா?" ஆமாம் என்று பதில் வந்துவிட்டால் பவுன் பேச்சில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள்.

இது வங்கிப் பாஸ்புக் இல்லை. பீடிக்கடையில் கொடுக்கிற சின்ன நோட்டு. என்றைக்கு எவ்வளவு இலை, எவ்வளவு தூள் வாங்கினாள், எத்தனை பீடி கொண்டுவந்து போட்டாள், கழிவு எத்தனை, கூலி எவ்வளவு என்று அதில் வரவு வைப்பார்கள். வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து வேலை செய்கிற ஒருத்தியைத் தொழிலாளி என்று சொல்ல உலகத்தில் வேறு சாட்சி கிடையாது. பி.எப்., அடையாள அட்டை, பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை, பீடித் தொழிலாளர் மருத்துவமனைச் சீட்டு எல்லாம் அந்த அழுக்கு நோட்டிலிருந்துதான் கிளம்ப வேண்டும். இந்த ஊரில் ஏழைப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உதவி என்று நாங்கள் செய்ததில் முக்கால்வாசி அந்த நோட்டைச் சுற்றித்தான் நடந்தது.

நான் வாக்கப்பட்டு இங்கே வந்தவள். அப்போது தென்காசி, திருநெல்வேலி மாவட்டத்து நகராட்சிகளில் ஒன்று. தனி மாவட்டமானது 2019 நவம்பரில். குற்றாலத்துக்குப் போகிறவர்கள் பஸ்ஸுக்குள்ளிருந்தே கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். தெருவுக்குள் இறங்கினால்தான் தெரியும். திண்ணை, நடை, வேப்பமரத்தடி எங்கும் மடியில் சொளகோடு பெண்கள். கடையம், ஆலங்குளம், முக்கூடல், கடையநல்லூர் என்று எந்தப் பக்கம் போனாலும் இதே காட்சி. தெரு முழுக்க ஒரு காரல் நெடி. வந்த புதிதில் எனக்குத் தொண்டை கமறும். ஆறு மாதத்தில் மூக்குக்குப் பழகிவிட்டது. பழகிப்போனது நல்லதா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது எங்கள் தெருவுக்கு நான் தொண்டர். அதனால் 'டீச்சர்' என்று பேர் விழுந்தது. பி.எட். படித்த என் நாத்தனாரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள், என்னை டீச்சர் என்பார்கள்; அவளுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு. ராத்திரி எட்டு மணிக்கு மேல் வகுப்பு. பெண்கள் சொளகோடுதான் வந்து உட்கார்வார்கள். 'பட்டா', 'படி' என்று நான் பலகையில் எழுத, கை பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்க, கண் மட்டும் பலகைக்குப் போய்வரும். கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதும் ஒரு மைனி கேட்டாள்: "எழுத்து வந்துட்டு. அதை வச்சு என்ன செய்ய டீச்சர்? கடைக்காரருக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க பாப்போம்." அறிவொளி முடிந்தது, மனு எழுதுவது முடியவில்லை. நாலைந்து பேர் சேர்ந்தோம். ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர், தையற்கடை வைத்திருந்த ஒரு பெண், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த இரண்டு பையன்கள், நான். எங்களுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ரசீதுப் புத்தகமும் கிடையாது. தபால்காரர் வீட்டுத் திண்ணையில் ஒரு மர மேசை, அவ்வளவுதான்.

பீடி சுற்றுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்காதவர்களுக்கு அது உட்கார்ந்த இடத்து வேலை, லேசான வேலை என்று தோன்றும். இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளிலிருந்து வருகிறது. கடையில் வாங்கி வந்த இலையை முதல் நாள் ராத்திரியே தண்ணீரில் நனைத்து ஈரச்சாக்கில் சுற்றி வைக்க வேண்டும். விடிந்ததும் தகரத் தகட்டை அளவு வைத்துக் கத்திரியால் வெட்டுவது. நரம்பு பருத்த இடமும் ஓட்டை விழுந்த இடமும் ஆகாது. கடைக்காரர் நிறுத்துக் கொடுத்த இலையில் ஓட்டை அதிகம் இருந்தால் அது அவள் நஷ்டம். குறைகிற பீடிக்குத் தன் காசில் இலை வாங்கிச் சேர்க்க வேண்டும். பிறகு சொளகை மடியில் வைத்து, இலையை இடது கையில் விரித்து, தூளை நீளவாக்கில் தூவி, கட்டைவிரல்களால் உருட்டி, நூலைச் சுற்றி அறுத்துப் போடுவது. நூலின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கடைசியில் தலை மடக்குதல். பீடியின் நுனியைச் சின்ன இரும்புக் குச்சியால் உள்ளே மடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தூள் கொட்டிவிடும். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு, நாற்பது கட்டு ஆயிரம்.

தலை மடக்க நுண்ணிய விரல் வேண்டும். அதனால் அது பிள்ளைகள் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண்பிள்ளை பையைக் கழற்றி மாட்டியதும் அம்மா முன்னால் ஒரு குவியல் காத்திருக்கும். 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பீடித் தொழிலைத் தடைப் பட்டியலில் வைத்திருந்தது. ஆனால் குடும்பத்தாரோடு சேர்ந்து வீட்டில் செய்தால் தடை இல்லை என்று அதே சட்டம் கதவைத் திறந்தும் வைத்திருந்தது. பீடி வீட்டைத் தவிர வேறெங்கே சுற்றப்படுகிறது? அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் எங்கள் தெருவுக்கு வந்ததில்லை என்பது மட்டும் தெரிந்தது.

நாங்கள் மாலை வகுப்பு ஒன்று தொடங்கினோம். வீட்டில் இருந்தால் தலை மடக்கச் சொல்வார்கள். வகுப்பு என்று சொன்னால் விடுவார்கள் என்பது கணக்கு. விட்டார்கள், ஆனால் குவியலையும் கூடவே கொடுத்தனுப்பினார்கள். முதல் வாரமே நான் பார்த்தேன்: பலகைக்கு நேரே உட்கார்ந்திருந்த ஒரு எட்டு வயதுக் குட்டி, பாவாடை மடிப்புக்குள் பீடியை வைத்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்தபடி விரலால் தலை மடக்கிக்கொண்டிருந்தாள். பார்வை ஒரு நொடி கீழே இறங்கவில்லை. வாய்ப்பாட்டில் அவள் புலி. அதுவும் இருபத்தைந்தாம் வாய்ப்பாடு. பதினேழு இருபத்தைந்து என்றால் "நானூத்தி இருபத்தஞ்சு" என்று கேள்வி முடியுமுன் வந்து விழும். பன்னிரண்டாம் வாய்ப்பாடு தெரியாது. அது கட்டுக்கணக்கில் வராது.

பீடியைப் பிடுங்கி வைத்தால் மறுநாள் வரமாட்டாள். ஆகவே ஒரு ஏற்பாடு செய்தோம். வகுப்பு நடக்கிற ஒரு மணி நேரம் சொளகு வெளித்திண்ணையில் இருக்கும். தையற்கடைப் பெண் அந்த நேரம் தன் தையலை ஓரம் கட்டிவிட்டு அவளே உட்கார்ந்து தலை மடக்கித் தருவாள். கல்விக்கு இப்படி ஒரு மானியம் எந்தத் திட்டத்திலும் இருந்ததில்லை.

உதவி செய்ய வந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜூன் மாதமானால் சங்கங்களும் கிளப்புகளும் நோட்டுப் புத்தகங்களோடு வருவார்கள். தீபாவளிக்கு முன்னால் சேலைகளோடு வருவார்கள். பெண்களை வெயிலில் வரிசையாக நிறுத்தி, போட்டோ எடுத்து, வாழ்த்துரை படித்து, பிஸ்கட் பொட்டலம் கொடுத்துப் போவார்கள். அரை நாள் போய்விடும். அரை நாள் என்பது நானூறு, ஐந்நூறு பீடி. அந்தக் காலத்தில் ஆயிரத்துக்குக் கூலி ஐம்பது ரூபாய்ப் பக்கம். வாங்கிய சேலையின் விலையிலிருந்து இந்தக் கூலியைக் கழித்துப் பார்த்து, "பரவால்ல, லாபந்தான்" என்று ஒரு ஆச்சி சொன்னாள். கொடுத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கையில் இருந்ததைக் கொடுத்தார்கள். ஆனால் வந்தவர்களில் ஒருவர்கூட 'உன் பாஸ்புக் எங்கே' என்று கேட்டதில்லை.

கேட்டிருந்தால் எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் முழித்திருப்பார்கள். ஏனென்றால் பாதிப் பேருக்கு அது கிடையாது.

நடைமுறை இதுதான். கடைக்காரர் என்கிறவர் கம்பெனிக்கும் பெண்களுக்கும் நடுவில் இருக்கிற காண்டிராக்டர். பீடி சுருட்டுத் தொழிலாளர் சட்டம் 1966-இல் வந்துவிட்டது. சம்பளத்தோடு லீவு உண்டு என்றது. 1977-இல் பி.எப். சட்டம் பீடித் தொழிலுக்கும் நீட்டிக்கப்பட்டது. வீட்டிலிருந்து சுற்றுகிறவர்களும் தொழிலாளர்கள்தான் என்று உச்ச நீதிமன்றம்வரை போய்த் தீர்ப்பானது. இதெல்லாம் நல்லதுதான். ஆனால் ஒரு பெயரைப் பாஸ்புக்கில் ஏற்றினால் அந்தப் பெயருக்கு பி.எப்., லீவுச் சம்பளம், போனஸ் எல்லாம் பின்னாலேயே வரும். ஆகவே கடைகள் என்ன செய்தன? பெயர்களைக் குறைத்தன. ஒரு பாஸ்புக்கின் கீழே இரண்டு மூன்று பெண்கள் சுற்றினார்கள். பாஸ்புக்காரி கடையிலிருந்து இலையும் தூளும் வாங்கிப் பிரித்துக் கொடுப்பாள். பீடியைத் திரட்டித் தன் பேரில் போடுவாள். ஆயிரத்துக்கு இத்தனை என்று ஒரு பிடித்தம் வைத்துக்கொள்வாள்.

கிணற்றடி வீட்டு மைனியின் கதை அப்படித்தான். புருஷன் லாரியில் அடிபட்டுப் போனபோது அவளுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். நாத்தனார் பாஸ்புக்கின் கீழே சுற்ற ஆரம்பித்தாள். நல்ல கைக்காரி. பேசிக்கொண்டே சுற்றினாலும் தினம் ஆயிரத்துக்குக் குறையாது. இளையவள் ஆறாம் வகுப்புக்குப் போனபோது பள்ளியில் பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான உதவித்தொகை விண்ணப்பத்தைக் கொடுத்தார்கள். நிரப்புவதற்கு எங்கள் மேசைக்குக் கொண்டுவந்தாள். தாயின் அடையாள அட்டை எண் என்று ஒரு கட்டம். நான் பேனாவோடு நிமிர்ந்து பார்த்தேன். "எம் பேர்ல ஒண்ணும் கிடையாது டீச்சர். நான் சுத்துனது பூரா அவுக சுத்துனதாத்தான் எழுதியிருக்கு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. இன்றைக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதைப் போலச் சொன்னாள்.

நாத்தனாரைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். அந்த அம்மாள் என்னிடம் வந்து நேராகவே பேசினார்: "நான் குடுக்கலன்னா இவளுக்கு வேலையே கிடையாது. கடைக்காரன் புதுசா யாருக்கும் புஸ்தகம் போடமாட்டான். நான் சும்மா இருந்து வாங்குதேன்னு ஊரு பேசும். காலைல இலைக்கு வரிசைல நிக்கிறது நான், கழிவுக்கு ஏச்சு வாங்குறது நான்." அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அவர் பேரில் பி.எப். ஏறிக்கொண்டிருந்தது, அந்தப் பணத்தைச் சுற்றியது மைனியின் விரல்கள் என்பதும் பொய் இல்லை.

கடைக்குப் போனோம். "கம்பெனியில கேக்கணும்" என்றார்கள். கம்பெனியில் கடையைக் கேட்கச் சொன்னார்கள். தொழிற்சங்கத்துக்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். அவர்கள் உண்மையிலேயே அலைந்தார்கள், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் மனுவுக்கு எண் போட்டு வாங்கிக்கொண்டார்கள். எண் இன்னும் என்னிடம் இருக்கிறது.

கடைசியில் காரியத்தை முடித்தது சட்டம் இல்லை. அடுத்த தெருவில் வேறொரு கம்பெனிக்குக் கடை திறந்தார்கள். புதுக்கடைக்கு ஆள் வேண்டும், அதுவும் கழிவு இல்லாமல் சுற்றுகிற ஆள். இதற்குள் எங்கள் தெருவில் மகளிர் சுய உதவிக் குழு ஒன்று நடந்துகொண்டிருந்தது. தர்மபுரியில் 1989-இல் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய குழுக்கள் எங்கள் பக்கம் வந்து சேர்ந்திருந்தன. மாதா மாதம் கூட்டம். ஊக்குநர் ஒருத்தி, பிரதிநிதிகள் இருவர். தீர்மான நோட்டை நான் எழுதுவேன். பக்கத்துக்குப் பக்கம் தூள் படிந்திருக்கும், திறந்தால் தும்மல் வரும். அப்படி ஒரு கூட்டத்தில் வழக்கம்போல உள்கடன் யாருக்கு என்று பேசிக்கொண்டிருந்தபோது ஊக்குநர்தான் சொன்னாள்: "எல்லாரும் ஒண்ணாப் புதுக்கடைக்குப் போயிருவோம்னு சொல்லிப் பாப்பமா? போவ வேண்டாம். சொல்லுவோம்." நோட்டில் நான் அதை எழுதவில்லை. சந்தா, சேமிப்பு, உள்கடன் என்று மட்டும் எழுதினேன்.

சொன்னார்கள். பழைய கடைக்காரர் இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் ஆதாரமாக ரேஷன் கார்டு நகலைக் கொண்டுவரச் சொன்னார். தெருவில் பல பேருக்கு ஒரே மாதத்தில் சொந்தப் பாஸ்புக் வந்தது. 1966-இலிருந்து வராதது எதிர்க்கடை வந்ததும் வந்துவிட்டது. ஏழைகளுக்கு உரிமை பற்றி வகுப்பெடுக்கிறவர்கள் சந்தை நிலவரத்தையும் கொஞ்சம் பார்த்துவைத்துக்கொள்வது நல்லது என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது.

மைனியின் இளைய மகளுக்கு அடுத்த வருடம் உதவித்தொகை வந்தது. மூத்தவளுக்கு அது எட்டவில்லை. அவள் எட்டாம் வகுப்போடு நின்று அம்மாவோடு உட்கார்ந்துவிட்டிருந்தாள். ஏன் எட்டு? அதற்கும் ஒரு கணக்கு உண்டு. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் அரசு திருமண உதவித் திட்டம் 1989-இல் தொடங்கியபோது எட்டாம் வகுப்பு படித்திருந்தால் போதும் என்றார்கள். எங்கள் தெருவில் பல பெண்பிள்ளைகளுக்குப் படிப்பு எட்டில் நின்றது. பிறகு பத்தாம் வகுப்பு வேண்டும் என்று மாற்றினார்கள். படிப்பு பத்துக்கு நகர்ந்தது. 2011-இல் தாலிக்கு நாலு கிராம் தங்கமும் சேர்ந்தது, பட்டம் படித்திருந்தால் பணம் இரட்டிப்பு. 2022-இல் அதே திட்டத்தைப் புதுமைப் பெண் என்று மாற்றி, அரசுப் பள்ளியில் படித்து மேலே படிக்கப் போகிற பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று ஆக்கினார்கள். கல்யாணத்துக்குக் கொடுத்த பணம் கல்லூரிக்குத் திரும்பியது. அறிவுரையைக் கேட்டு எந்தத் தாயும் மகளைப் படிக்க வைத்து நான் பார்த்ததில்லை. கோடு எங்கே போட்டிருக்கிறார்களோ அதுவரைக்கும் படிக்க வைத்தார்கள். கோட்டைத் தள்ளிப் போட்டால் பிள்ளையும் தள்ளிப் போகும்.

உதவித்தொகை விண்ணப்பம் நிரப்புவது தனிக் கலை. பள்ளிப் பதிவேட்டில் முத்துலெட்சுமி, ரேஷன் கார்டில் முத்துலட்சுமி, வங்கியில் எம். லட்சுமி. மூன்றும் ஒருத்தி என்று நிரூபிப்பதற்குள் அந்த வருடத்துக் கடைசி தேதி போய்விடும். தலைமையாசிரியர் கையெழுத்துக்கு ஒரு நாள், முத்திரைக்கு ஒரு நாள், அட்டை நகலுக்கு ஜெராக்ஸ் கடை, பிள்ளை பேரில் வங்கிக் கணக்கு. கணக்கு தொடங்கப் போனால் குறைந்தபட்ச இருப்பு கேட்பார்கள். நம் தபால்காரர் இதற்கென்றே பிறந்தவர். எந்த மேசையில் யார் எத்தனை மணிக்கு டீ குடிக்கப் போவார் என்பதுவரை தெரிந்து வைத்திருந்தார். ஆரம்ப வகுப்புகளுக்கு வருடத்துக்குச் சில நூறு ரூபாய்தான் அப்போது. அதற்கா இந்தப் பாடு என்று கேட்டவர்கள் உண்டு. தொகை சின்னதுதான். ஆனால் பிள்ளை பேருக்குத் தபால் வந்தது, பிள்ளை பேரில் கணக்கு இருந்தது. வீட்டில் அவளை நிறுத்தலாமா என்ற பேச்சு எடுத்தால் 'அந்தப் பணம் நின்னு போவுமே' என்று தாய் சொல்ல ஒரு வார்த்தை கிடைத்தது.

2016 நவம்பர் 8-ஆம் தேதி ராத்திரி பெரிய நோட்டுகள் செல்லாது என்றதும் எங்கள் தெரு ஸ்தம்பித்துப் போனது. வாரக்கூலி ரொக்கமாகக் கொடுத்துப் பழகிய கம்பெனிகளிடம் ரொக்கம் இல்லை. சில வாரம் இலையே தரவில்லை. பிறகு கூலி வங்கிக் கணக்கில் ஏறும் என்றார்கள். நல்ல காரியம் என்றுதான் பத்திரிகைகள் எழுதின. பல வீடுகளில் ஏ.டி.எம். அட்டை புருஷன் சட்டைப்பையில் இருந்தது. வாரச் சனிக்கிழமை கடை வாசலில் கைக்கு வந்த காசு, இப்போது டாஸ்மாக் வழியாகச் சுற்றி வந்தது. குழுக் கூட்டத்தில் ரகசிய எண்ணை மனப்பாடம் செய்யக் கற்றுக்கொடுத்தோம். இருபத்தைந்தின் வாய்ப்பாட்டில் ஒரு எண்ணை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னது அந்தப் பழைய குட்டிதான். அப்போது அவள் கல்லூரியில் வணிகவியல் படித்துக்கொண்டிருந்தாள்.

விரல்களைப் பற்றி ஒன்று. பல வருடம் சுற்றியவர்களின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் வழவழவென்று ஆகிவிடும். ரேகை தேய்ந்துபோகும். ரேஷன் கடையில் கைரேகை இயந்திரம் வைத்தபோது இவர்கள் விரலை அது ஏற்கவில்லை. துடைத்து வை, எண்ணெய் தடவி வை, வேறு விரலை வை என்று வரிசையே நின்றுபோகும். பி.எப். ஓய்வூதியத்துக்கு வருடா வருடம் கொடுக்க வேண்டிய உயிர்வாழ் சான்றுக்கும் அதே தொல்லை. ஒரு ஆச்சி இயந்திரத்துக்கு முன்னால் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வேலை செஞ்சதுக்கு இதைவிட என்ன ரசீது வேணுமாம் இவனுக்கு?" என்றாள். கண்ணைப் படம் பிடிக்கிற கருவி இருந்த இடத்துக்குக் கூட்டிப்போய்ச் சான்று வாங்கினோம். அவளுக்கு வருகிற ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய். 2014 செப்டம்பரிலிருந்து அதுதான் குறைந்தபட்சம். இன்றைக்கும் அதேதான்.

அந்த ஆயிரமும் பாஸ்புக் இருந்தவளுக்குத்தான். கீழே இருந்து சுற்றியவர்களுக்கு இருமலும் இடுப்புவலியும் மட்டும். இப்போது 2023 செப்டம்பரிலிருந்து கலைஞர் மகளிர் உரிமைத் தொகை என்று மாதம் 1,000 வருகிறது. அதை வாங்குகிற ஒரு பாட்டி, "பீடிக்கடையில எனக்குப் பேரு இல்ல, இதுலயாவது இருக்கு" என்று என்னிடம் எஸ்.எம்.எஸ்.ஸைக் காட்டினாள். படிக்கத் தெரிந்தவள்தான். நான் படித்துச் சொல்ல வேண்டும் என்பது அவள் ஆசை.

தெரு மாறிவிட்டது. பீடி குறைந்துகொண்டே வருகிறது. 2017-இல் ஜி.எஸ்.டி. 28 சதவீதம் ஆனது. நல நிதிக்கென்று பீடியில் வசூலித்த செஸ்ஸும் அதோடு போனது. முக்கூடலில் இருக்கிற பீடித் தொழிலாளர் மருத்துவமனைக்கும் பிள்ளைகளின் உதவித்தொகைக்கும் இனி மத்திய பட்ஜெட்டைத்தான் பார்க்க வேண்டும். புகைப்பது குறைந்தால் ஊருக்கு நல்லது. சுற்றுகிறவளுக்கு வேறு வேலை என்ன என்பதை யாரும் சொல்லவில்லை. இளம்பெண்கள் சொளகைத் தொடுவதில்லை. ஜவுளிக்கடைக்கும் ஆஸ்பத்திரி வேலைக்கும் போகிறார்கள். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு வந்தபின் தாய்மார்களுக்கு விடியற்காலையில் ஒரு மணி நேரம் மிச்சம். அதிலும் சிலர் பீடிதான் சுற்றுகிறார்கள். வாரக் கடன் கொடுக்கிற தனியார் குழுக்கள் தெருவுக்கு நாலு வந்துவிட்டன. காலை ஏழு மணிக்கே வசூலுக்கு மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும். எங்கள் பழைய குழு பேருக்குத்தான் இருக்கிறது. திண்ணை மேசை வேலை மட்டும் நிற்கவில்லை. தபால்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மருமகள் கைப்பேசியில் விண்ணப்பம் நிரப்புகிறாள்.

இதைப் படிக்கிறவர்களில் உதவி செய்ய வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இருப்பீர்கள். சேலையும் நோட்டும் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு இப்போது ஒன்றாம் வகுப்புக்கு 1,000 ரூபாயில் தொடங்கித் தொழிற்படிப்புக்கு 25,000 வரை உதவித்தொகை உண்டு. தேசிய உதவித்தொகை இணையதளத்தில்தான் பதிய வேண்டும். படிப்பு முடிகிறவரை வருடா வருடம் மறக்காமல் செய்ய வேண்டும். உங்கள் ஊரில் பீடி சுற்றுகிற வீடு இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியோடு போய் உட்காருங்கள். தாயின் அட்டை, ஆதார், பிள்ளையின் வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அதைத் திருத்தவே இரண்டு மாதம் ஆகும். கடைசி தேதிக்கு முந்தின நாள் போகாதீர்கள். அன்றைக்கு அந்தத் தளம் திறக்காது.